காரணம் (ஒரே வரியில் எழுதவும்)

1.

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து வந்தது. கற்பனையிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் படிவம் இன்னும் என் மேசைமேல் கிடக்கிறது. அதை வைத்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை.

போன வியாழக்கிழமை என் அக்கா வேலையிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்து, கைப்பையைக்கூட இறக்காமல், அதை என் முன்னால் வைத்தாள். துணி துவைக்கும் இயந்திரங்கள் விற்கும் நிறுவனம் ஒன்றில், தொலைபேசியில் பழுதுப் புகார் கேட்கும் அறையில் அவளுக்கு வேலை. தாளில் அவளுடைய பணி எண், ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய எடை, இப்போதைய எடை, வித்தியாசம் பதினேழு கிலோ. கீழே ஒரு கட்டம். ‘எடை கூடியதற்கான காரணம் (ஒரே வரியில் எழுதவும்).’ அதற்கும் கீழே பொடி எழுத்தில்: விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லாவிடில் பணியாளர் நிரந்தரப் பட்டியலிலிருந்து அழைப்புப் பட்டியலுக்கு மாற்றப்படலாம். அழைப்புப் பட்டியல் என்றால், கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு.

“திங்கக்கிழமை காலையில குடுக்கணும். எழுதிக் குடுடா.”

“என்னன்னு எழுதுறது?”

“அதத்தான உன்னக் கேக்குறேன். தெருவுல போறவனுக்கெல்லாம் லெட்டர் எழுதிக் குடுக்குற. கூடப் பொறந்தவளுக்கு ஒரு வரி வராதா?”

வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளம்.

2.

முதல் தொடக்கம்: ‘மதிப்பிற்குரிய ஐயா, மேற்குறித்த பொருள் தொடர்பாக…’ மேற்குறித்த பொருள் என் அக்காவின் இடுப்பு. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ‘நாள்தோறும் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தே பணிபுரிவதால்…’ அக்கா எட்டிப் பார்த்தாள். “பக்கத்து சீட்டுக்காரியும்தான் உக்காந்திருக்கா, அவ ஏன் ஒல்லியா இருக்கான்னு கேப்பாங்க. பதில் வச்சிருக்கியா?” அதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது: ‘ஒரு காலத்தில் அவள்’ [இதை முடிக்கவில்லை. ‘ஒரு காலத்தில்’ என்று தொடங்கும் வாக்கியங்கள் எதையோ மூடி மறைக்கின்றன என்பது என் நெடுநாள் சந்தேகம்.]

எனக்கென்று ஒரு முறை உண்டு. யாருக்குப் புகார் எழுதினாலும் முதலில் நடந்ததை வரிசையாகக் கேட்டு, எண் போட்டு எழுதிக்கொள்வேன். பிறகுதான் ‘ஐயா’. அக்காவையும் உட்காரவைத்துக் கேட்டேன்.

3.

அறையில் நாற்பது இருக்கைகள். இருக்கையை விட்டு எழுந்து அரை நிமிடம் ஆனால் மேற்பார்வையாளரின் திரையில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வரும். அதனால் அவருக்குச் ‘சிக்னல்’ என்று பட்டப்பெயர். வாரம் ஒருமுறை வேலை நேரம் மாறும். தூக்கமும் அதன் பின்னால் அலையும்.

“சாப்பிட எவ்வளவு நேரம்?”

“இருவது நிமிஷம். கேன்டீன் அஞ்சு மாடி கீழ. படிக்கட்டுக் கதவப் பாதுகாப்புன்னு பூட்டி வச்சிருக்காங்க. லிஃப்டுக்கு நின்னு எறங்க ஏழு நிமிஷம், ஏற ஏழு. மிச்சம் ஆறு நிமிஷத்துல முழுங்கலாம், மெல்ல முடியாது.”

“அப்ப எங்க சாப்பிடுற?”

“ரூம் மூலையில மிஷின் இருக்குல்ல. பொத்தான அமுக்குனா பிஸ்கட் விழும், சிப்ஸ் விழும், ஜூஸ்னு பேரு வச்ச சக்கரத் தண்ணி விழும். ரெண்டு எட்டு. சிவப்புப் புள்ளி வர்றதுக்குள்ள திரும்பிடலாம்.” படிவத்தை விரலால் தட்டினாள். “நாள் முழுக்க அடுத்தவங்க மிஷின் ஏன் ஓடலைன்னு நான் கேக்குறேன். இப்ப நான் ஏன் ஓடலைன்னு இவங்க கேக்குறாங்க.”

நாற்பதில் இருபத்தெட்டுப் பேருக்குப் படிவம் வந்திருக்கிறது. ‘இரகசியம், பிறரிடம் காட்ட வேண்டாம்’ என்ற குறிப்போடு. கழிவறையில் வைத்து எல்லோரும் எல்லோரிடமும் காட்டிவிட்டார்கள்.

என் சந்தேகம் இங்கே விழித்துக்கொண்டது. ஒருவர் வாயைக் கட்டவில்லை என்றால் நம்பலாம். இருபத்தெட்டுப் பேர், ஒரே அறையில், ஒரே ஐந்தாண்டில், சொல்லிவைத்தாற்போல் மனஉறுதியைத் தொலைப்பார்களா? இன்னொன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த அறையில் நாற்காலிகளை மாற்றினார்கள். பழையவற்றுக்குக் கைப்பிடி உண்டு. புதியவற்றுக்குக் கைப்பிடி இல்லை, அகலமும் அரை சாண் கூடுதல். ஆக, நாற்காலி வாங்கிய யாருக்கோ அப்போதே தெரிந்திருக்கிறது. அவர் படிவம் அனுப்பவில்லை, நாற்காலி அனுப்பினார்.

(நேர்மைக்காக ஒரு குறிப்பு: மிச்சம் பன்னிரண்டு பேர் என் வாதத்துக்கு இடைஞ்சல். அவர்களில் ‘குச்சி’ என்று கூப்பிடப்படும் பெண் அக்காவைவிட இரண்டு பொட்டலம் அதிகம் தின்கிறாளாம். உடம்புக்கு உடம்பு கணக்கு வேறு. அதையும் ஒரே வரியில் எழுத முடியவில்லை.)

4.

[இந்தப் பகுதி இல்லை. அக்கா கிழித்துவிட்டாள். கையில் மிஞ்சிய துண்டில் ‘அவள் கைப்பையின் அடியில் மூன்று காலி பிஸ்கட் உறைகள்’ என்று மட்டும் இருக்கிறது.]

“திருட்டப் பிடிச்ச மாதிரி எழுதியிருக்க! பசிச்சாத் தின்னேன். அது குத்தமாடா?”

“இல்லக்கா, கதையில ஒரு ஆள்மேல கொஞ்சம் சந்தேகம் இருந்தாத்தான் படிக்கிறவங்க—”

“நான் உன் கதையில ஆளில்ல. உன் அக்கா. என் பைய நோண்டுனதுக்கே உன்ன நாலு வைக்கணும்.”

அவளை அழைத்துப்போக வந்திருந்த அவள் கணவர், என் மாமா, செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கேட்டார்: “அதுல நான் வர்றேனா மாப்ள?”

“இல்ல மாமா.”

“நல்லதாப் போச்சு. அப்படியே விட்டுரு.”

வரவேண்டியவர்தான். அவருடைய பெல்ட்டில் நுனியை ஒட்டி இந்த ஆண்டு ஆணியால் குத்திய புதுத் துளை ஒன்று இருக்கிறது. சொந்தமாகப் பூட்டுச் சாவிக் கடை வைத்திருப்பதால் அவரிடம் விளக்கம் கேட்க ஆளில்லை.

5.

கிழித்தது நல்லதுதான். வீட்டுக்குள் சந்தேகப்படுவது எளிது. கை எட்டும் தூரம். நான் வெளியே போனேன். இரண்டு நாள் எல்லாவற்றையும் முறைத்துப் பார்த்துக்கொண்டு நடந்தேன். எங்கள் தெருவிலிருந்து கடைவீதி வரை நடைபாதை இருந்த இடத்தில் வண்டிகள் நிற்கின்றன. நடக்கிறவன் சாலையில் இறங்கித் திட்டு வாங்க வேண்டும். பெரிய கடையில் நுழைந்ததும் இனிப்பு கண் மட்டத்தில் இருக்கிறது; பழத்தைத் தேடிப் பின்சுவர் வரை போக வேண்டியிருக்கிறது. சின்னக் குவளை கேட்டால், “பெருசே வாங்கிக்கங்க சார், கிட்டத்தட்ட ஒரே விலைதான்” என்கிறார் கடைக்காரர். என்மேல் அவருக்கு அவ்வளவு அன்பு வரக் காரணம் என்ன?

நான் மருத்துவன் இல்லை. ஆனால் ஒன்று புரிந்தது. உட்காரவைப்பவர், தூக்கத்தைக் கெடுப்பவர், பொட்டலத்தை அருகில் வைப்பவர், கதவைப் பூட்டுபவர் என்று இதில் நிறையப் பேர் இருக்கிறார்கள். யாரும் கெட்டவரில்லை, அவரவர் வேலையை அவரவர் பார்க்கிறார். எல்லோருமாகச் சேர்ந்து செய்த வேலை ஒருத்தியின் இடுப்பில் வந்து நிற்கிறது. கையெழுத்து அவளிடம் மட்டும் கேட்கப்படுகிறது.

இந்தப் பத்தியை எழுதியதும் எனக்கே என்மேல் மதிப்புக் கூடியது. கூடியிருக்கக் கூடாது.

6.

நான் எழுதும் கடிதங்களுக்கெல்லாம் படி எடுத்து, ஆண்டுவாரியாகக் கோப்பில் வைத்திருக்கிறேன். அந்தப் பொட்டல இயந்திரம் எப்போது வந்தது என்று அக்காவுக்குத் தேதி நினைவில்லை. ஆனால் ஏறக்குறைய அந்தக் காலத்தில் அவள் அறைக்காரர்களுக்காக நான் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது எனக்கு நினைவிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோப்பைப் பிரித்தேன்.

அக்கா கையால் எழுதிக் கொடுத்த குறிப்பும் அதோடு பின் போட்டு இருந்தது. அதில் இரண்டே கோரிக்கைகள். ஒன்று, படிக்கட்டுக் கதவைத் திறக்க வேண்டும். இரண்டு, சாப்பாட்டு நேரத்தை நாற்பது நிமிடமாக்க வேண்டும்.

என் விண்ணப்பத்தில் மூன்று இருந்தன.

பள்ளியில் எங்களுக்கு விண்ணப்பம் எழுதச் சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் பாடம் அது. எப்போதும் மூன்று கேள், கடைசியாக அதிகாரி நோகாமல் கொடுக்கக்கூடிய ஒன்றை வை, வெறுங்கையோடு திரும்பமாட்டாய். நாற்பது வயதுவரை அந்தப் பாடம் என்னைக் கைவிட்டதில்லை. ‘3. மேற்கண்டவை இயலாதவிடத்து, பணியாளர் இருக்கைக்கு அருகிலேயே சிற்றுண்டி கிடைக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.’ கீழே நாற்பது கையெழுத்துகள். நிறுவனத்தின் பதிலும் இருந்தது: கோரிக்கை 1, 2 பரிசீலனையில் உள்ளன. கோரிக்கை 3 மகிழ்ச்சியுடன் ஏற்கப்பட்டது.

ஐந்து ஆண்டுகளாக அந்த முதல் இரண்டும் பரிசீலனையிலேயே இருக்கின்றன.

7.

தாளை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தாளைப் பார்த்ததுமே, “கண்டுபிடிச்சிட்டியா?” என்றாள்.

“உனக்குத் தெரியுமா?”

“கையெழுத்துப் போடும்போதே பாத்தேன். நான் ரெண்டுதான சொன்னேன், மூணாவது எங்கேருந்து வந்துச்சுன்னு. நீ அவ்வளவு அழகா எழுதியிருந்த, கேக்க மனசு வரல.”

“அப்ப காரணம் நான்தான்னு எழுதட்டுமா?”

“ஆமா, உலகத்துல உள்ள குண்டுக்கெல்லாம் நீதான் காரணம். பெரிய ஆளுதான் போ.” ஒரு சட்டையை உதறினாள். “பொத்தான அமுக்குனது யாரு விரலு? உன்னுதா? ஆனா நானா மட்டும் அமுக்கலைடா. அதத்தான் எழுதச் சொல்றேன். உன்மேலயும் போட்டுக்காத, என்மேலயும் போடாத, பொய்யும் எழுதாத.”

“ஒரே வரியில?”

“ஒரே வரியில.”

8.

முடிவுக்கு இரண்டு வரைவுகள் வைத்திருக்கிறேன். மூன்றாவது எழுதும் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

(அ) ‘என் கவனக்குறைவே காரணம், ஆறு மாதத்தில் குறைத்துக்கொள்கிறேன்.’ இது ஏற்கப்படும். சிக்னல் தலையாட்டுவார், வேலை நிலைக்கும். ஆறு மாதம் கழித்து எடை குறையாமல் இருந்தால், அவள் கையெழுத்திட்ட இதே வரியை அவள் முன்னால் வைப்பார்கள்.

(ஆ) கட்டத்தை விட்டுவிட்டு, தாளின் பின்பக்கம் முழுவதும்: கதவு, இருபது நிமிடம், சிவப்புப் புள்ளி, நாற்காலி, பொட்டலம், கூடவே என் விண்ணப்பத்தின் நகல். உண்மை. ஆனால் ‘படிவம் விதிப்படி நிரப்பப்படவில்லை’ என்று திருப்பிவிடலாம். மற்ற இருபத்தேழு பேரும் (அ)வை எழுதிவிட்டால் இவள் ஒருத்திதான் தகராறுக்காரி. [மாமா இந்த இடத்தில், “எல்லாரும் ஒண்ணாப் பின்பக்கம் எழுதுனா?” என்று கேட்டார். கதையில் வரமாட்டேன் என்றவர். அதைக் கேட்டதும் அக்கா கைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். யாரிடம் பேசினாள், என்ன சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. கதவு சாத்தியிருந்தது.]

எனக்கு இப்போது சந்தேகம் எல்லாம் அந்தக் கட்டத்தின் மேல்தான். அதை ஒரு வரி அகலத்துக்கு வரைந்தவர் தெரிந்தேதான் வரைந்திருக்கிறார். எந்தப் பெயரை உள்ளே எழுதினாலும் மற்றவர்கள் எல்லோரும் வெளியே வந்துவிடுகிறார்கள்.

இன்று திங்கட்கிழமை. அக்கா என் வாசலில் நிற்கிறாள். அலுவலகப் பேருந்துக்கு இன்னும் பதினொரு நிமிடம். “எழுதிட்டியா?” என்று கேட்கிறாள். நான் பேனாவை மூடிவைத்துவிட்டேன். நேர்த்தியாக எழுதும் என் கையை நம்பி அவள் ஒருமுறை கொடுத்தது போதும். இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு கூடவே வந்தவர் நீங்கள். கதவு பூட்டியிருப்பதும் தெரியும், பொத்தானை அமுக்கியது யார் என்பதும் தெரியும். உங்களிடம் படிவம் யாரும் கேட்கவில்லை, இதுவரை.

படிவம் காலியாக இருக்கிறது. அக்கா அதை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறாள்.