மூன்று சொடக்கு

கூடத்திலிருந்து 'டக், டக்' என்று இரண்டு சொடக்கு கேட்டது. விருந்தாளிகள் வந்திருந்தார்கள். மாமனாருக்குக் குடிக்கத் தண்ணீர் வேண்டும். அந்த வீட்டில் ஒரு சொடக்கு என்றால் மாமியார், இரண்டு என்றால் மருமகள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் பெண்கள் தலைக்கு மேல் ஏறிவிடுவார்களாம்.

மருமகள் தண்ணீரோடு போனாள். பின்னாலேயே ஓடிவந்த அவளுடைய நாலு வயது மகள் கேட்டாள்: "தாத்தா, எனக்கு எத்தனை சொடக்கு?"

"உனக்கு மூணுடா கண்ணு!"

விருந்தாளிகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். குழந்தை ஏதோ பரிசு கிடைத்ததுபோலக் குதித்தது. மருமகள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். தன்னோடு போகட்டும் என்றுதான் ஆறு வருடம் பொறுத்திருந்தாள். இப்போது பிள்ளைக்கும் எண் கொடுத்தாகிவிட்டது.

விருந்தாளிகள் போனதும் கணவனிடம் சொன்னாள். "என்னங்க, உங்கப்பாகிட்ட சொல்லுங்க. எனக்குப் பேரு இருக்கு."

"ஒரு சொடக்குக்கு இவ்வளவு பேச்சா? அவரு சுபாவம் அது. நீதான் பெரிய மனசு பண்ணி மன்னிச்சிடணும்."

பெரிய மனசு பண்ணும் வேலை அந்த வீட்டில் பெண்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. மன்னிப்பதா, திருப்பிக் கொடுப்பதா என்று ஒரு வாரம் அவள் மனதுக்குள் வழக்கு நடந்தது. மன்னிக்க அவள் தயார்தான். மன்னிப்புக் கேட்கத்தான் ஆளைக் காணோம்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. காத்திருக்கும் நோயாளிகளை மைக்கில் பேர் சொல்லி அழைக்க வேண்டும், ஒரு நாளைக்கு இருநூறு பேர். குடித்துவிட்டு மண்டையை உடைத்துக்கொண்டு வந்தவனைக்கூட மரியாதையாக 'வாங்க' என்றுதான் கூப்பிடுவாள்.

அங்கேதான் முழங்கால் வலி என்று மாமனார் வந்து சேர்ந்தார். மருமகள் இருக்கும் இடமாயிற்றே என்று முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் முறை வந்தது. அவள் சீட்டைப் பார்த்தாள். மைக்கைக் கைப்பக்கம் இழுத்துக்கொண்டாள்.

டக், டக், டக், டக்.

காத்திருந்த சனம் முழுக்கத் தலையைத் தூக்கிப் பார்த்தது. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. மூன்றுக்கு அடுத்த எண் யாருடையது என்று ஒருவருக்கு மட்டும் விளங்கிவிட்டது. முகம் கறுக்க எழுந்து நின்றார்.

சாயங்காலம் வீட்டில் பஞ்சாயத்து. நாத்தனார் போனிலேயே அழுதாள். கணவன் குதித்தான்.

"இத்தனை பேரு முன்னால எங்கப்பாவ அவமானப்படுத்திட்டியே! எவ்வளவு திமிரு உனக்கு?"

"வெறும் சொடக்குதானேங்க? மாமா பெரிய மனசு பண்ணி மன்னிச்சிடுவாரு."

மாமா மன்னிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"இனிமே இந்த வீட்டுல பொம்பளைங்க யாரும் சொடக்குப் போடக் கூடாது!"

மருமகள் அடுப்படிக்குப் போய் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தீர்ப்புச் சொன்ன வாய்க்குத் தாகம் எடுத்திருக்க வேண்டும். கூடத்திலிருந்து ஒரு சொடக்கு கேட்டது.

மாமியாரின் கத்தி நிற்கவில்லை.

மறுபடி ஒன்று, இன்னும் பலமாக. பழக்கதோஷம், மருமகள்தான் எழப் போனாள். மாமியார் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"உக்காரும்மா. பேரு சொல்லிக் கூப்பிடட்டும்."

கூடத்தில் சத்தமே இல்லை.

"கூப்பிடக் காணோமே, அத்தை?"

"அவசரப்படாதே. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. பாவம், ஞாபகம் வர வேண்டாமா?"