மூன்று வட்டங்களுக்கு வெளியே ஒரு கிராணி

1

இந்தக் கதை ஒரு கண்ணாடித் தாளில் பிறந்தது. 1984இல் கோலசிலாங்கூர் மண்டபத்தில் ஒரு டாக்டர் அணுகுண்டைப் பற்றிப் பேச வந்தார். சிலாங்கூர் வரைபடத்தின் மேல் அந்தத் தாளை விரித்தார். கோலாலம்பூரை நடுவில் வைத்து மூன்று வட்டங்கள். முதல் வட்டத்தில் மனிதன் ஆவியாகிவிடுவான். இரண்டாவதில் கட்டடம் சரியும், தோல் உரியும், கட்டியிருக்கும் சேலையின் பூ முதுகில் சூடாகப் பதியும். மூன்றாவதில் கண்ணாடிச் சில்லு, பார்வை போன கண்.

"நம்ம தோட்டம் எந்த வட்டம் டாக்டர்?" என்று அப்பளசாமி எழுந்து கேட்டான்.

"எல்லா வட்டத்துக்கும் வெளியேப்பா."

மண்டபம் கை தட்டியது. (நானும் தட்டினேன்.)

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். இதில் குண்டு ஒன்றுதான் கற்பனை. தோட்டத்து ஆபிஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி கார்த்திகேசு என் கூடப் பிறந்த தம்பி. அவன் மகள் ரமணி, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் காப்ரியல் மண்டோரின் மகன் எர்னஸ்டோடு கோலாலம்பூருக்குப் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டது உண்மை. பதினாறாம் நாள், உயிரோடு இருந்தவளுக்கு நாங்கள் ஆற்றங்கரையில் கருமாதி செய்ததும் உண்மை. செய்யச் சொன்னவன் நான். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

2

முதல் தொடக்கம்: 'வானம் பிளந்தது. பூமி...' வேண்டாம். இப்படி எழுதுகிறவர்கள் குண்டைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை, ஆனால் எனக்கு வெட்கம் உண்டு.

இரண்டாவது: 'அன்று எமன் கோலாலம்பூருக்கு...' அடித்துவிட்டேன்.

மூன்றாவது: காலை பத்தே முக்கால், ரப்பர் பால் நிறுக்கும் நேரம். கார்த்திகேசு ஆபிஸ் வாசலில் நின்றிருந்தான். (தம்பி என்பதால் 'அவன்'. தோட்டத்தில் எல்லாருக்கும் அவன் ஐயா.) வெயில் ஏறி, நிழலெல்லாம் காலடியில் சுருண்டு கிடந்தது. திடீரென்று லோரிக்கும், கொடிக்கம்பத்துக்கும், அவனுக்கும் இன்னொரு நிழல் நீளமாக விழுந்தது. சத்தமே இல்லை. தன்னைக் கேட்காமல் யாரோ வெல்டிங் வைக்கிறான் என்று கார்த்திகேசுவுக்குக் கோபம் வந்தது. யாரென்று மூன்று நிமிடம் தேடினான். அப்புறம்தான் இடி வந்தது.

மதியம் சாம்பல் விழுந்தது. பால் வாளிகள் கறுத்தன. அந்தப் பாலையும் எடுத்து வைக்கச் சொன்னார் தோட்டத்துத் துரை, இரண்டாந்தரமாகப் போகுமாம்.

3

ரமணி கோலாலம்பூரின் செந்தூலில் இருக்கிறாள். அவளை எந்த வட்டத்தில் வைப்பது?

முதல் வட்டம் வசதி. உடம்பும் மிஞ்சாது, கேள்வியும் மிஞ்சாது. இரண்டாவது என்றால் சேலைப் பூ பதிந்த முதுகை நான் வர்ணிக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பெண்ணின் முதுகை ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் ஊரே பார்ப்பதா? [ஆசிரியர் கவனத்துக்கு: படமும் போட வேண்டாம்.] ஆகவே மூன்றாவது. அங்கே உயிர் மிஞ்சலாம். மிஞ்சினால்...

மிஞ்சினாளா என்று தெரியாத அந்த மதியத்தை மட்டும் எழுதுகிறேன். கோலாலம்பூரில் ஆள் இல்லாத வீடு தோட்டத்து லயக் குடியிருப்பில் ஒன்றுகூட இல்லை. எல்லா வாசலிலும் ஒப்பாரி. கார்த்திகேசுவுக்கு மட்டும் அழ வழியில்லை. ஒருத்திக்கு இரண்டு கருமாதியா? சமையலறையில் அவன் மனைவி வேலம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாடி அங்க சத்தம்?"

"ஒண்ணுமில்லீங்க. செத்தவள நெனச்சிக்கிட்டேன். அதுக்காச்சும் உத்தரவு உண்டா?"

4

மறுநாள் காலை செய்தி வந்தது. பிழைத்தவர்களைக் கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங்கில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தோட்டத்து லோரி போய் ஏற்றி வரலாம். ஆனால் சிப்பாய்கள் ஒவ்வொருவரின் அடையாள கார்டையும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெயர் இருக்க வேண்டும், பக்கத்தில் தகப்பன் பெயரும் இருக்க வேண்டும். இல்லாதவர் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

பட்டியல் எழுதுவது கிராணி வேலை. கார்த்திகேசு இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்தான். லயத்து அம்சவள்ளி வந்து தன் தம்பி பெயரைக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்து காப்ரியல் மண்டோர்.

"பேரு?"

"எர்னஸ்ட். தகப்பன் காப்ரியல்."

"அடுத்து?"

"என் மருமக. ரமணி."

கார்த்திகேசு எழுதினான். நல்ல கையெழுத்து அவனுக்கு.

"தகப்பன் பேரு?"

ஆபிஸ் பழக்கம், வாயில் வந்துவிட்டது.

காப்ரியல் தொப்பியைக் கழற்றினார். "ஐயா, அவ கருமாதிக்கு நானும் வந்தேன். பந்தியில உக்காந்து வடை சாப்பிட்டேன். சம்பந்தி வீட்டு மானம்னு அன்னிக்கு வாயத் தொறக்கல. இன்னிக்கும் தொறக்க மாட்டேன். நீங்களே எழுதுங்க."

வரிசையின் பின்னாலிருந்து அப்பளசாமி கத்தினான்: "சீக்கிரம் லா ஐயா! அடுத்த குண்டே வந்துரும் போல!"

5

முடிவு அ: எழுதுகிறான். அப்படியானால் நூற்றிருபது பேருக்கு இலை போட்ட கருமாதி பொய். ஐயர் பொய், பிண்டம் பொய், அதைச் செய்யச் சொன்ன அண்ணன்...

முடிவு ஆ: எழுதவில்லை. சிப்பாய் பட்டியலைப் பார்க்கிறான், கார்டைப் பார்க்கிறான், தள்ளி நிற்கச் சொல்கிறான். எர்னஸ்ட் மட்டும் ஏறுவானா? மாட்டான், அந்தப் பையனை எனக்குத் தெரியும். ரமணி கண்ணில் கட்டோடு ரவாங் சாலையோரம்... (இந்த வாக்கியத்தை ஐந்து முறை தொடங்கிவிட்டேன்.)

முடிவு இ: காப்ரியலே தன் பெயரைத் தகப்பன் பெயராகக் கொடுத்துவிடுகிறார். அதையும் யோசித்துப் பார்த்தேன். கார்டில் இருப்பது எங்கள் வீட்டுப் பெயர். சிப்பாய் விட மாட்டான்.

ஆகவே முடிவு எழுதுவதாக இல்லை. அந்த வரியை மட்டும் அப்படியே அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன்:

ரமணி. தகப்பன் பெயர்: ____________

லோரி உறுமிக்கொண்டு நிற்கிறது. உங்களிடம் பேனா இருக்கும். சிப்பாய்க்குப் புரிகிற மாதிரி தெளிவாக எழுதுங்கள். எழுதியது யார் என்று யாராவது வந்து கேட்டால், எங்கள் குடும்பத்தில் யாரும் எழுதவில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.