பரணில் அடித்த நுரை

டிரைவிங் டெஸ்ட் எடுக்கிற உத்தியோகத்தில் இருந்தவன் நான், டெரிக் ஸ்கெல்டன். வண்டியை எடுக்கும்போது பக்கத்துக் கண்ணாடியைப் பார்க்க மறந்தால் ஃபெயில். அழுதாலும் ஃபெயில். இந்த லவுத் ஊரில் பாதிப் பேருக்கு இன்றைக்கும் என்னைக் கண்டால் ஆகாது. அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்தே சம்பளம் வாங்கின இந்த மகானுபாவன்தான் தன் வீட்டுக் கூரையைத் தானே பாழாக்கிக்கொண்டான். அதுவும் வந்தவனுக்கு டீ போட்டுக் கொடுத்து.

நவம்பர் மாத மழை. கதவைத் திறந்தால் ரோரி என்று ஒரு பையன், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட நிற்கிறான். எங்கள் பக்கத்தில் மழையில் நிற்கிறவனை உள்ளே வா என்று சொல்லாமல் இருக்க முடியாது. உள்ளே வந்துவிட்டால் கெட்டிலைப் போட்டாக வேண்டும். டீ கொடுத்துவிட்டால் அவன் சொல்வதைக் கேட்டாக வேண்டும். இரண்டாவது கப்பும் ஊற்றிவிட்டோமோ, அதற்கப்புறம் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு நாக்கு எழும்பாது. நான் இரண்டாவது கப்பை ஊற்றினேன், கேக்கும் வெட்டி வைத்தேன்.

ஓட்டுக்கு அடியில் ஃபோம் அடிக்கிறோம் சார், அது நுரை மாதிரி உப்பி இறுகிவிடும், வீட்டுச் சூடு வெளியே போகாது, புயலிலும் ஓடு நகராது என்றான் ரோரி. காற்றோட்டம் இல்லாமல் போனால் ஈரம் தங்காதா என்று என் மனைவி கிளெனிஸ் கேட்டாள். அவன் வாயைத் திறப்பதற்குள் நானே முந்திக்கொண்டு, அதெல்லாம் தங்காது என்றேன். எனக்கென்ன தெரியும்? ஒரு மண்ணும் தெரியாது. அந்த நேரம் பார்த்து மேஜைக்கு அடியில் என் முழங்காலுக்குக் கீழே எதுவோ இடித்துக்கொண்டே இருந்தது. நெல்சன், சும்மா படு என்று நாயை அதட்டினேன். அது எழுந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெளியே போனது. நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் குளிர்காலம் பனி கொட்டியது. தெருவில் எல்லார் கூரையிலும் பனி உருகிவிட்டது, என் கூரையில் மட்டும் அப்படியே நின்றது. பார்த்தாயா, என் வீட்டுச் சூடு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்று பப்பில் ஒருத்தரையும் விடாமல் பீற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் ஏணி வைத்துப் பரணில் ஏற்றிக் காட்டினேன். பாதிரியாரையும் விடவில்லை. அவர் தலையில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டே, ஒரு பெரிய கேக்குக்குள் வந்த மாதிரி இருக்கிறது என்றார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் கிளெனிஸுக்கு முட்டி போய்விட்டது. எங்களுக்குப் படுக்கை, குளியலறை எல்லாம் மாடியில். ஒவ்வொரு படிக்கும் அவள் பல்லைக் கடிப்பது எனக்குக் கீழே கேட்கும். மேபில்தார்ப்பில், கடலோரம், அவள் தங்கை ஏவ்ரில் வீட்டுக்கு அடுத்தாற்போல் படியே இல்லாத சின்ன வீடு ஒன்று விலைக்கு வந்தது. போய்ப் பார்த்துவிட்டு வந்தவள், அந்த ஜன்னல் அளவுக்குத் திரை தைக்க உட்கார்ந்துவிட்டாள். "டெரிக், எனக்கு அந்த வீடு வேணும்" என்றாள். கல்யாணம் ஆன நாளாக எதையும் வாய்விட்டுக் கேட்காதவள்.

எங்கள் வீட்டை விற்றால்தான் அதை வாங்க முடியும். ஒரு இளம் ஜோடிக்கு எங்கள் வீடு பிடித்தும் போனது. அவர்களுக்குக் கடன் கொடுக்கும் பேங்க் சார்பில் வீட்டைச் சோதிக்க ஃபிலிப்பா என்ற பெண் வந்தாள். நானே குஷியாக ஏணி வைத்து, டார்ச்சும் பிடித்தேன்.

"இதுக்குள்ள கூரையத் தாங்குற கைமரம் எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியணும் சார்."

"கல்லு மாதிரி இருக்கும்மா."

"நீங்க பாத்தீங்களா?"

"அதெப்படிப் பாக்குறது? மூடியிருக்கே."

"நானும் பாக்க முடியாதே சார். பாக்காம எப்படி எழுதிக் குடுக்கறது?"

பார்க்காமல் போனதற்காக ஊரையே ஃபெயிலாக்கினவனிடம் இதைக் கேட்டாள். என் சம்மதத்தோடு ஒரு மூலையில் நுரையைக் கத்தியால் பெயர்த்தாள். உள்ளே ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டை கறுத்து, அவள் விரலில் ஈரக் கேக் மாதிரி பிய்ந்து வந்தது.

பேங்க் கையை விரித்தது. அந்த ஜோடி வேறு வீடு பார்த்துக்கொண்டது. நுரையைச் சுரண்டினால் ஓடும் கூடவே வரும், கூரையையே புதிதாகப் போட வேண்டும். அதற்கெல்லாம் நாங்கள் வழி தேடிக்கொண்டிருக்கும்போதே கடலோர வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். பரவாயில்லை என்று சொல்லி கிளெனிஸ் திரைகளைச் சுருட்டி மாடிப்படிக்கு அடியில் வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சாப்பாட்டு மேஜையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அவளுக்குக் கட்டில் போட்டேன். அன்றைக்கும் மழை. காலிங் பெல் அடித்தது. திறந்தால் அதே ரோரி, கம்பெனிச் சட்டை மட்டும் வேறு நிறம். என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. கூரையில் ஃபோம் அடித்திருக்கிறீர்களா சார், நாங்கள் எடுத்துத் தருகிறோம், இலவசமாக வந்து பார்க்கிறோம் என்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. என்னையறியாமல் உள்ளே வா என்று சொல்லிவிட்டு, கட்டிலைத் தாண்டிக் கெட்டிலைப் பார்க்கப் போனேன்.

போர்வைக்குள்ளிருந்து ஒரு கால் வந்து என் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. அதே இடம். கிளெனிஸின் முகம் வலியில் சுருங்கியது. முட்டி போன காலாலேயே உதைத்திருக்கிறாள். நெல்சன் ஹீட்டர் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"அன்னிக்கும் நீதானா?"

"அன்னிக்குப் பூரா நான்தான்."

"பாவம், நெல்சன இல்ல திட்டினேன்."

"அது எப்பவோ மன்னிச்சிருச்சு."

"நீ?"

"மொதல்ல அவன அனுப்பு."

போனேன். ரோரி மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டிருந்தான். உனக்கு டீ கிடையாது தம்பி என்றேன். பாவம், அவன் டீ கேட்கவே இல்லை. கொட்டுகிற மழையில் ஒரு மனுஷனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன்.

திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். முட்டி வீங்கியிருந்தது. கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டேன், அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இப்ப போடு கெட்டில" என்றாள். "ரெண்டே கப்பு."