தம்பிக்கு அரைத்த மாவு

கிழக்குத் தாம்பரத்தில், ரயில்வே குமாஸ்தா அசரியாவின் வீட்டில் அன்று சத்துமாவுக்கு வறுக்கிற நாள். காலையிலிருந்தே தெரு மணத்தது. மகள் ஜெயசீலி அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வறுத்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். ஈரத்துணியில் கட்டி முளைவிட வைத்து நிழலில் உலர்த்திய கேழ்வரகு, கம்பு, கோதுமை, பச்சைப்பயறு எல்லாம் முறத்தில் ஆறிக்கொண்டிருந்தன. வேர்க்கடலையை வறுத்துத் தோல் தேய்த்துப் புடைத்தாயிற்று. குழம்புக்கு வாங்கிய பறங்கிக்காயின் விதையைக்கூட எறியாமல் கழுவிக் காயவைத்து, நகத்தால் உரித்துச் சேர்த்து வைத்திருந்தாள், அதையும் வறுத்தாயிற்று. கடைசியாக எள்.

எள் படபடவென்று பொரிந்து அடங்கியதும் வாணலியை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு மூலையில் இருந்த பச்சரிசியில் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள்.

"மறுபடியும் பச்சரிசியா? கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டப்போகுது பாரு," என்றாள் அம்மா ரத்தினபாய்.

"என்னமோ தெரியலம்மா, தின்னுகிட்டே இருக்கணும் போல இருக்கு."

"அடக்கிக்கணும். பொம்பளப் புள்ளைக்கு வாய் நீளக்கூடாது."

ஜெயசீலி கொஞ்சம் தயங்கினாள். வறுத்த கடலையைப் பார்த்தாள். "அப்ப இதுலயாவது வெல்லம் போட்டு ஒரு உருண்டை புடிச்சுக் குடேம்மா."

"எள்ளும் கடலையுமா? ரெண்டும் சூடுடி. ஏற்கெனவே மாசாமாசம் உனக்கு அந்த அவஸ்தை. இன்னும் சூட்ட ஏத்திக்கிட்டு எங்க போய் நிப்ப?"

கேட்டீர்களா நியாயத்தை? அதே எள், அதே கடலை, அதே அடுப்பு. மகன் சுந்தர்சிங் கஞ்சியாகக் குடித்தால் மட்டும் அது சூடாவதில்லை. அவனுக்கு நேராகப் புத்திக்குப் போய்விடும். அப்படித்தான் ரத்தினபாய் நம்பினாள். நாம் யாரும் நம்பாததையா அவள் நம்பிவிட்டாள்? அவளுடைய அம்மாவும் அவளுக்கு அப்படித்தான் சொன்னாள்.

சுந்தர்சிங் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தான். அதாவது, இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தான். போன வருஷம் கணக்கில் போய்விட்டது. காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் என்று பாலும் வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சிய கஞ்சி உடம்புக்குப் போனதே தவிர கணக்குக்குப் போகவில்லை. பாதி குடித்துவிட்டு மீதியை வைத்துவிட்டுப் போவான். அந்த மீதியும் ஜெயசீலிக்கு வராது, சூடாயிற்றே. கழுநீர்ப் பானைக்குப் போகும். சாயங்காலம் பால்காரரின் மாடு வந்து குடிக்கும். மாட்டுக்குச் சூடு உண்டா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை.

வறுத்ததை எல்லாம் தகரத் தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு ஜெயசீலி மில்லுக்குக் கிளம்பினாள். மில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. ஸ்டேஷன் பாலத்தின் படியில் ஏறும்போது நடுவில் இரண்டு தடவை உட்கார வேண்டியதாயிற்று. மில்லுக்குப் போய்ச் சேர்ந்தபோது பேச முடியவில்லை.

"இன்னா பாப்பா, இப்படி மேல்மூச்சு வாங்கிகினு வர்ற? குந்து மொதல்ல," என்றார் மில்காரர் ஜெயவேலு. "இப்பதான் மொளகா அரைச்சேன். ஒன்னுத உடனே போட்டா காரம் ஏறிக்கும். கொஞ்சம் கோதும வுட்டு மிஷின் வாயக் கழுவிட்டு அப்பால போடறேன்."

"சரிங்கண்ணா."

"ஏம் பாப்பா, மாசம் தவறாம இம்மாம் மாவு அரைச்சிகினு போற. நீ இன்னா குச்சியாட்டம் கீற?"

"எனக்கில்லண்ணா. தம்பிக்கு. படிக்கிறான்ல."

ஜெயவேலு சிரித்துவிட்டு பெல்ட்டை மாட்டப் போனார். அவருக்கும் மூன்று பெண்கள், ஒரு பையன். அந்த வீட்டு வழக்கம் அவருக்குப் புதிதா என்ன.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது பெண்கள் சங்கச் செயலாளர் தபீதாள் ஜெயசீலியின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். "ரத்தினபாய் அக்கா, பொண்ணு என்னமா கலராயிட்டா. என்ன போடறீங்க, எங்களுக்கும் சொல்லக்கூடாதா?"

ரத்தினபாய்க்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஒண்ணுமே போடலம்மா. வயசுக்குத் தானா வெளுக்குது. சின்ன வயசுல எங்கம்மா நிறம் இருந்தா. இப்பத்தான் எங்க மாமியார் நிறம் வருது."

உண்மைதான், ஜெயசீலி வெளுத்துக்கொண்டுதான் வந்தாள். உதடு வெளுத்தது, நகம் வெளுத்தது, உள்ளங்கை சுண்ணாம்படித்த மாதிரி ஆயிற்று. பெற்றவள் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தாள். வரன் பார்க்க வருகிறவர்களிடம் சொல்ல ஒரு நல்ல சொல் கிடைத்ததே என்று கர்த்தருக்கு ஸ்தோத்திரம்கூடச் சொன்னாள். என்ன கொடுமை பாருங்கள்.

"அடுத்த கூட்டத்துல நீங்கதான் பேசணும்," என்றாள் தபீதாள். "சத்துமாவு எப்படிச் செய்யறதுன்னு. எல்லாரும் கேக்கறாங்க."

"அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு."

அந்த வாரம்தான் ஜெயசீலிக்கு நல்ல செய்தி வந்தது. நகரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு போயிருக்க வேண்டியவள். 'தம்பி பாஸ் பண்ணட்டும், அப்புறம் உன் சங்கதியைப் பார்க்கலாம்' என்று அப்பா தள்ளித் தள்ளிப் போட்டதில் வயது ஏறிவிட்டது. இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் விண்ணப்பமே போட முடியாது. ஜெயசீலிக்கு அது தெரியும். தலையணைக்கு அடியில் செய்தித்தாளில் வந்த நர்ஸ் படம் ஒன்றை வைத்துக்கொண்டு தூங்குகிறவள் அவள். இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி, மருத்துவப் பரிசோதனை.

அம்மாவும் மகளும் மின்சார ரயில் பிடித்துப் போனார்கள். லேடி டாக்டர் நடுத்தர வயதுக்காரர். ஜெயசீலியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் அதை மறுபடி பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, இவ எப்படி நடமாடறா? உடம்புல ரத்தமே இல்லியே."

"கலரா இருக்கறதால அப்படித் தெரியுது டாக்டர்," என்றாள் ரத்தினபாய்.

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "கலரா? இது சோகை அம்மா. மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதா? பச்சரிசி, சிலேட்டுக்குச்சி எதாவது திங்கணும் போல இருக்கா?"

"பச்சரிசி," என்றாள் ஜெயசீலி மெல்ல.

"மாசாமாசம் போக்கு அதிகமா?"

"ஆமாம் டாக்டர்."

"அதையும் ஒரு டாக்டர்கிட்ட மொதல்லயே காட்டியிருக்கணும். சூடுன்னு வீட்ல வச்சுப் பூட்டற சமாச்சாரமா இது?" டாக்டர் பெருமூச்சு விட்டார். "வார்டுல ராத்திரி டியூட்டி பாக்கணும், நோயாளியத் தூக்கணும். இந்த உடம்ப நான் எப்படி ஃபிட்னு எழுதறது?"

"தேறிடுவேன் டாக்டர்," என்றாள் ஜெயசீலி. "ரெண்டு மாசம் டைம் குடுங்க. எப்படியும் தேறிடுவேன்."

"தேறிடுவ. ஆனா வகுப்பு திங்கட்கிழமை ஆரம்பிக்குதே. நீ இல்லேன்னா அடுத்து நிக்கற பொண்ண எடுத்துக்குவாங்க." டாக்டருக்கும் மனசு கேட்கவில்லை. மாத்திரை எழுதிவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "மாத்திரை மட்டும் போதாது. காசு கொட்டி டானிக் எல்லாம் வாங்க வேணாம். வீட்லயே செய்யலாம், கேட்டுக்க. கேழ்வரகு, கம்பு, கோதுமை மொளைகட்டிக் காயவச்சு வறுத்துக்க. பச்சைப்பயறு, வேர்க்கடலை, எள்ளு, எல்லாத்தையும் தனித்தனியா வறுத்து மில்லுல குடுத்து அரைச்சு, வெல்லம் போட்டுக் கஞ்சி காய்ச்சி தினம் குடி. செய்யத் தெரியுமா உனக்கு?"

ஜெயசீலி சிரித்தாள்.

"தெரியும் டாக்டர். எங்க வீட்ல மாசாமாசம் நான்தான் வறுத்து அரைச்சிட்டு வர்றேன். பறங்கி விதையும் போடுவோம்."

"அப்படியா? அப்ப ஏன் நீ குடிக்கல?"

ஜெயசீலி அம்மாவைப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். ரத்தினபாய் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்குப் பதில் அங்கே இருந்த மூன்று பெண்களுக்கும் தெரியும்.

ரயிலில் திரும்பி வரும்போது ஜெயசீலி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். திட்டியிருந்தால் ரத்தினபாய் தாங்கியிருப்பாள். அழுதிருந்தால் கூடச் சேர்ந்து அழுதிருப்பாள். தாம்பரம் வந்ததும் மகள் எழுந்து பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பாலத்துப் படியில் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் கூடவே ஏறியும், அவள் எங்கே நிற்கிறாள், எதற்கு நிற்கிறாள் என்று ரத்தினபாய் அன்றுதான் கவனித்தாள்.

வீட்டில் நுழைந்ததும் சுந்தர்சிங் கூடத்திலிருந்து கேட்டான். "அம்மா, கஞ்சி?"

ஜெயசீலி செருப்பைக் கழற்றிய கையோடு அடுக்களைக்குப் போய் மாவு டப்பாவைத் திறந்தாள்.

"நீ உக்காரு," என்றாள் ரத்தினபாய். தானே கரைத்துக் காய்ச்சினாள். பெரிய டம்ளரில் ஊற்றி மகளின் கையில் கொடுத்தாள். மகன் அடுக்களை வாசலில் வந்து நின்றான். "அக்காவுக்குச் சூடாச்சேம்மா," என்றான். அவன் கிண்டலுக்குச் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து கேட்டதைச் சொன்னான்.

ஜெயசீலி இரண்டு வாய் குடித்தாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்தாள். "போதும்மா. மீதி தம்பிக்கு வச்சிடறேன். பழக்கமில்லாததால உள்ள எறங்க மாட்டேங்குது."

ரத்தினபாய் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள்.

பெண்கள் சங்கக் கூட்டம் அடுத்த வாரம் நடந்தது. ரத்தினபாய் வரமாட்டாள் என்றுதான் ஜெயசீலி நினைத்திருந்தாள். ஆனால் வந்தாள், மகளையும் அழைத்துக்கொண்டு வந்தாள். முளைகட்டுவது, நிழலில் உலர்த்துவது, ஒவ்வொன்றாக வறுப்பது, மிளகாய் அரைத்த மில்லில் உடனே போடக்கூடாது, அரைத்த மாவைச் சூட்டோடு மூடாமல் பரப்பி ஆறவைக்க வேண்டும் என்பது வரை ஒன்றையும் விடாமல் சொன்னாள். பெண்கள் தலையாட்டிக் கேட்டார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள். "எள்ளும் கடலையும் சூடாச்சே அக்கா. பையனுக்குச் சரி. பொண்ணுங்களுக்கு ஆகாதே?"

"ஜெயசீலியப் பாரு, இத சாப்பிட்டுதானே இப்படிக் கலராயிருக்கா," என்றாள் தபீதாள். நல்ல மனதோடுதான் சொன்னாள்.

ரத்தினபாய் உட்காரப் போனவள் நிமிர்ந்தாள். சுவரோரம் நின்ற மகளின் கையைப் பிடித்து இழுத்து, அந்த உள்ளங்கையை எல்லோரும் பார்க்கும்படி விரித்துக் காட்டினாள்.

"இது கலர் இல்ல தபீதாள். ரத்தம் இல்ல. இந்த மாவ வறுத்தது இவ, சுமந்துகிட்டுப் போய் அரைச்சது இவ. போன வாரம் வரைக்கும் ஒரு வாய் நான் குடுத்ததில்ல. சூடு சூடுன்னு சொல்லிச் சொல்லியே எம் பொண்ண நடுவீட்டுல பட்டினி போட்டேன். திங்கட்கிழமை நர்ஸ் வகுப்பு ஆரம்பிச்சாச்சு. இவ இடத்துல வேற யாரோ பெத்த பொண்ணு உக்காந்திருக்கா. அவ அம்மா அவளுக்குச் சாப்பாடு போட்டிருக்கா."

ரத்தினபாய் மகளின் கையை விடவில்லை.

"மாவுல என்னென்ன போடணும்னு கேட்டீங்க, சொல்லிட்டேன். அத யாருக்குப் போடணும்னு நீங்களும் கேக்கல, நானும் இத்தன வருஷம் கேட்டுக்கல. பையனுக்கு ஒரு டம்ளர் ஊத்தினா பொண்ணுக்கும் ஒரு டம்ளர் ஊத்துங்க. ஊத்த மனசில்லேன்னா தயவுசெஞ்சு அவள அடுப்புகிட்ட உக்கார வச்சு வறுக்க மட்டும் சொல்லாதீங்க."