கிஷனுக்கு எள்ளும் தண்ணீரும்

அப்பாவின் அஸ்தியைக் காவிரியில் கரைத்துவிட்டுக் கொடுமுடிப் படித்துறையில் உட்கார்ந்தபோது கதிர்வேலுக்கு அழுகை வரவில்லை. உடம்பு அசந்து கிடந்தது. மூன்று நாளாக மலர்வளையம், அணிவகுப்பு, டிவிக்காரர்கள். எழுபத்தொன்றாம் வருடப் போரில் சண்டை விமானம் ஓட்டி வீர் சக்ரா வாங்கிய விங் கமாண்டர் தம்பிதுரையைப் பற்றி ஆளுக்கொரு கதை சொன்னார்கள். ஐம்பத்திரண்டு வயது மகனிடம் அவர் ஒரு கதையும் சொன்னதில்லை.

சடங்கு செய்த புரோகிதர் திருமூர்த்தி துண்டைப் பிழிந்தபடி கேட்டார்.

“அடுத்த மாசம் பன்னெண்டாந்தேதி நீங்க வருவீங்களா?”

“எதுக்குங்க?”

“கிஷனுக்குத்தான். எங்கப்பா காலத்துல இருந்து நாப்பது வருசமா உங்கப்பா வந்து எள்ளும் தண்ணியும் விடுவாரே. திதி பாக்காம, அவர் செத்த தேதியவே வெச்சுக்கிட்டாருங்க.”

டிசம்பர் தோறும் வெள்ளகோவிலில் ஒரு சிநேகிதரைப் பார்க்கப் போவதாகத்தான் அப்பா சொல்வார்.

“கிஷன் யாருங்க சாமி?”

“போர்ல பக்கத்து விமானத்துல போனவராம். திரும்பி வர்றப்ப, எதிரி தன் பின்னால வந்துட்டான்னு ரேடியோவுல கத்துனாராம். உங்கப்பா விமானத்துல டேங்க் ஓட்டையாகிப் பெட்ரோல் ஒழுகிட்டு இருந்துச்சு. அவரைக் காப்பாத்தத் திரும்பாம வந்துட்டார். கிஷன் வரவே இல்லீங்க. விமானத்தைக் கொண்டுவந்து சேத்ததுக்குத்தான் அந்த மெடலு. ‘திரும்பியிருந்தா நானும் செத்திருப்பேன், சரிதானுங்களே சாமி’ன்னு கேப்பாருங்க.”

“நீங்க என்ன சொல்லுவீங்க?”

“சரிதானுங்கன்னு சொல்லுவேன். அடுத்த வருசமும் அதையே கேப்பார்.”

கதிர்வேலுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கண் பார்வை போதாமல் விமானப்படைத் தேர்வில் அவன் தோற்று வந்த அன்று அப்பா, “போகுது உடு கண்ணு” என்று மட்டும் சொன்னார். அது அவருடைய ஏமாற்றம் என்றே முப்பது வருடமாக நினைத்திருந்தான். ஒருவேளை நிம்மதியோ என்று இப்போது தோன்றியது. கேட்பதற்கு ஆள் இல்லை.

டிசம்பர் பன்னிரண்டில் கோவையில் அப்பாவுக்குப் படத்திறப்பு வைத்தார்கள்.

“ஏனுங்க, மகன் நீங்க இல்லாம எப்படிங்க?” என்றாள் மனைவி ராமாமணி.

“பேசறதுக்கு அங்க ஆளு நெறையா இருக்குது அம்மணி. நீ போ. நான் கொடுமுடி போயிட்டு வாரேன்.”

காவிரித் தண்ணீர் சில்லென்றிருந்தது. கிஷனின் கோத்திரம் தெரியவில்லை என்றான்.

“அப்பாவுக்கும் தெரியாதுங்க. உங்க குலக் கூட்டத்துப் பேரையே சொல்லச் சொல்லுவார்.”

“அதையே சொல்லுங்க.”

புரோகிதர் சொல்லச் சொல்ல, முகம் தெரியாத அந்த மனிதனுக்காகக் கதிர்வேல் எள்ளை நீரில் விட்டான்.

“வர்ற வருசமும் வருவீங்களா?”

“தெரியலீங்க சாமி” என்றான். “முடிஞ்சா வாரேன்.”

ஈர வேட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியேறினான்.