கம்பள அறையில் குளவிகள்

எங்கள் கடைக்குப் பழுதுபார்க்க வரும் கம்பளங்களெல்லாம் யாரோ படுத்துப் புரண்ட தூக்கத்தோடுதான் வந்து சேரும். நான் கீழ் அறையில் உட்கார்ந்து கம்பளி இழை கோத்து ஓட்டைகளை அடைப்பேன். மாடியில் என் தங்கையும் அவள் பெண் குழந்தையும். கட்டியவனோடு ஒத்துவராமல் வந்தவள். குழந்தைக்கு இழுப்பு. மூச்சு விட்டால் விசிலடிக்கும். அதனால் அதன் பெயரே விசில் ஆகிவிட்டது.

மழை தொடங்கியதும் அந்துப்பூச்சி வந்தது. சுருட்டி வைத்த கம்பளத்தை விரித்தால் நெய்த இலை இருக்கிறது, பூவைக் காணோம். என் வீட்டுக்காரர் அந்துருண்டை போடச் சொன்னார். அந்த வாசனை படியேறிப் போனால் விசிலுக்கு மூச்சு அடைத்துவிடும். முன்பு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம்.

"நாங்க வேற இடம் பாத்துக்கறோம்க்கா," என்றாள் தங்கை.

குரலில் கோபமே இல்லை. கோபித்துக்கொண்டு போகிறவர்கள் திரும்பி வருவார்கள். இவள் போனால் போனதுதான்.

யாரோ சொல்லி, பூச்சிக்குப் பூச்சியை விடும் ஒருவரை வரவழைத்தேன். குளவிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டோம். சின்னச் சின்ன அட்டைகள் கொண்டுவந்தார். அதில் மணலைத் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள்.

"ஒவ்வொரு புள்ளிக்குள்ளயும் ஒரு குளவி இருக்கும்மா. வெளிய வந்து அந்துப்பூச்சி முட்டையைத் தேடிப் போகும். அந்த முட்டைக்குள்ள தன் முட்டையை வைக்கும். அப்புறம் அதுலேர்ந்து புழு வராது, குளவிதான் வரும்."

"கொட்டுமா?"

"உங்களைக் கொட்டணும்னா அதுக்கு ஏணி வேணும்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "மருந்து வாசனை மட்டும் இதுகளுக்கு ஆகவே ஆகாது. பொறுமையா இருங்க."

அட்டைகளைக் கம்பளங்களுக்கு நடுவே தொங்கவிட்டுப் போனார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் ஒரு குளவி தென்படவில்லை.

"அந்த ஆள் உனக்கு நல்லாப் பூச்சி காட்டிட்டுப் போயிருக்கான்," என்றார் வீட்டுக்காரர்.

"காட்டியிருந்தாத்தான் தேவலையே!" என்றேன்.

ஆனால் சாயங்கால வெயில் ஜன்னல் வழியே சரிந்து விழும்போது கம்பளித் தூசி மிதக்கும். அதில் எது தூசி, எது குளவி என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருப்பேன். மடியில் விசில் வெறும் காற்றைப் பார்த்துச் சிரிக்கும். குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பார்களே, அதை நான் வெறும் கதை என்றுதான் நினைத்திருந்தேன்.

பூச்சி உடனே குறையவில்லை. ஒருநாள் பெரிய நீலக் கம்பளத்தை விரித்தபோது ஒன்று எழுந்து பறந்தது. வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். படியில் நின்ற தங்கை அதைக் கேட்டுவிட்டு மேலே போனாள்.

மறுநாள் மதியம் கம்பள அடுக்கின்மேல் அசந்துவிட்டேன். கனவில் நீலக் கம்பளம் குளம்போல அசைந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத யாரோ ஓட்டைகளை உள்ளிருந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அத்தனை நிம்மதி. அப்போது ஒரு வாசனை வந்தது. கனவுக்குள் வர வேண்டிய வாசனை இல்லை அது.

எழுந்து சுருள் சுருளாகக் கை விட்டுத் துழாவினேன். முடிச்சுப் போட்ட ஒரு சாக்ஸ் அகப்பட்டது. விசிலுடையது. உள்ளே அந்துருண்டை. அடுத்த சுருளில் அதன் ஜோடி.

மாடிக்கு ஓடினேன். கதவோரம் பை கட்டித் தயாராக இருந்தது. திறந்த ஜன்னலடியில் குழந்தை தூங்கியது.

"என்னடி இது?"

"கம்பளந்தானேக்கா உன் பொழப்பு. நாங்க இன்னைக்கே கிளம்பறோம். நாங்க போனப்புறம் வாசனை வந்தா என்ன?"

"குளவியெல்லாம் கொன்னுட்டியேடி, பாவி!" என்றுதான் முதலில் கத்தினேன். அப்புறம் அழுகை வந்துவிட்டது. "கம்பளத்துல ஓட்டை விழுந்தா நான் தைச்சுக்குவேன். நீ போயிட்டா இந்த வீட்டுல விழற ஓட்டையை எதை வச்சுடி தைக்கிறது?"

அவள் கதவோரம் போனாள். பையைத் திறந்து குழந்தையின் போர்வையை வெளியே எடுத்தாள்.

உருண்டைகளைச் சாக்ஸோடு தூரமாக எறிந்தோம். வாசனை போகும்வரை அறையைத் திறந்து போட்டோம். குளவிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி அட்டை கொண்டுவந்தார். இந்த முறை தங்கையே ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டாள்.

அட்டை மாற்றி மாற்றிப் போட, பூச்சி மெல்ல மெல்லக் குறைந்தது. பூச்சி காட்டிய ஆள் எப்போது வருவார் என்று இப்போது வீட்டுக்காரர்தான் விசாரிக்கிறார்.

விசில் வெறுங்காலோடு இருக்கிறது. நீலக் கம்பளத்தைத் தைத்து மிஞ்சிய கம்பளியில் அதற்குப் புது சாக்ஸ் பின்னிக்கொண்டிருக்கிறேன்.

"கம்பளிலயா? பூச்சி தின்னுடும்க்கா," என்றாள் தங்கை.

"தின்னா தின்னட்டும். அடுத்த வருஷம் கால் பெருசாயிடும். வேற பின்னணும்ல?"

அடுத்த வருஷம் என்றதும் அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, நூல்கண்டைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள்.