மொரெல்லி தந்த பெயர்

1974இல் ஒரு ஞாயிறு மதியம், கிளாட்வின் மொரெல்லி சீலா மீனின் முள்ளை எடுத்துவிட்டுச் சதையை மனைவி இசபெல்லாவின் தட்டில் வைத்தார். பிறகு எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் பாஸ்கலிடம், "நம்ம பூட்டன் இத்தாலிக்காரரு இல்லண்ணே" என்றார்.

தங்கள் பூட்டன் என்று குடும்பம் நம்பிய இத்தாலிய மாலுமி மொரெல்லியைத் தேடி, கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடுகளையும் பழைய துறைமுகப் புத்தகங்களையும் பல வருடம் துழாவியவர் கிளாட்வின். கடைசியில் பார்த்தால், மொரெல்லி வெறும் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தன்று அவர்கள் தாத்தாவைக் கைக்குழந்தையாக ஏந்தி, வழக்கப்படி தன் பெயரைக் கொடுத்தவர். பெற்ற தகப்பன் முத்துக்குளிக்கும் சவேரிமுத்து.

"ஏலே, ஊரெல்லாம் வெள்ளைக்கார வம்சம்னு பீத்திக்கிட்டுத் திரியுதேன். வெளிய சொல்லித் தொலைச்சிராத!"

"மூச்சடக்கி முத்தெடுத்தவருண்ணே! இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கிளாட்வின் சிரித்தார்.

அன்று மாலையே நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோய்விட்டது.

கல்லறையில் வெட்டுவதற்கு 'இத்தாலிய வம்சம்' என்று பாஸ்கல் எழுதிக்கொண்டு வந்தார். அவரை எதிர்த்து இசபெல்லா அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அவுக தேடுனது மெய்யை, அத்தான். அவுக தலைமாட்டுல பொய்யை வைக்க விடமாட்டேன்."

'முத்துக்குளித்த சவேரிமுத்துவின் வம்சம்' என்றே வெட்டினார்கள். கல் நட்ட அன்று பாஸ்கல் வரவில்லை.

அந்தக் குடும்பத்தில் பிறக்கும் பிள்ளைகள் இன்றும் மொரெல்லிகள்தான்.